சூரத்தில் விழுந்த விதை

சூரத்தின் பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைபவர்கள், யாரோ ஒரு முகலாயப் பிரபுவின் சமாதிக்கு வந்துவிட்டதாகவே நினைப்பார்கள். குவிமாடம், வளைவுகள், கனத்த தூண்கள் என எல்லாமே அந்தப் பாணி. உள்ளே இருப்பவர்களோ கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆக்ஸெண்டன் சகோதரர்கள். 1659-ல் கிறிஸ்டோபர் இறந்தபோது அவருக்கு ஒரு மாடம் எழுந்தது. பம்பாய் ஆளுநராகவும் இருந்த ஜார்ஜ் 1669-ல் இறந்தபோது, அதையும் உள்ளடக்கி இரண்டடுக்கு மண்டபம் கட்டினார்கள்.

டச்சுக்காரர்கள் விட்டுவிடவில்லை. மலபாரின் செடிகொடிகளைப் பதிவுசெய்த 'ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்' நூலை உருவாக்கிய வான் ரீட் 1691-ல் மறைந்தார். அவருக்கு அதைவிடப் பெரிய மண்டபம் எழுந்தது. முகலாயத் துறைமுகத்தில் பிழைக்க வந்த வணிகர்கள், தங்கள் கௌரவத்தை ஊரார் மதிக்கும் கட்டட மொழியிலேயே காட்டினார்கள்.

சூரத் பார்த்த கட்டடக் கலைஞர்

இந்தத் தோட்டத்தைக் கூர்ந்து பார்த்தவர்களில் ஒருவர் ஜான் வான்ப்ரூ. பின்னாளில் பிளென்ஹைம் மாளிகையை வடிவமைத்தவர். 1680-களில், இளைஞராகக் கம்பெனி வேலைக்கு சூரத் வந்திருந்தார்.

அன்றைய இங்கிலாந்தில் பிரபுக்களைத் தேவாலயத் தளத்துக்கு அடியில்தான் புதைப்பார்கள். 1711-ல் லண்டனில் 50 புதிய தேவாலயங்கள் கட்டத் திட்டமிட்டபோது, அந்த வழக்கத்தைக் கைவிடச் சொன்னார் வான்ப்ரூ. ஊருக்கு வெளியே, மரங்கள் சூழ்ந்த தோட்டத்தில் மாடங்கள் எழட்டும் என்று எழுதி, சூரத் கல்லறைத் தோட்டத்தையே சான்றாக வரைந்தும் காட்டினார்.

லண்டன் செவிசாய்க்கவில்லை. யார்க்‌ஷயரில் காசில் ஹோவர்ட் மாளிகையின் உரிமையாளர் கார்லைல் பிரபு கேட்டார். வான்ப்ரூ 1726-ல் இறந்த பிறகு, அவரது சகா ஹாக்ஸ்மூரின் வடிவமைப்பில் 1729-ல் அங்கே கல்லறை மண்டபத்தின் வேலை தொடங்கியது. திறந்த வெளியில் வட்டமாக 20 தூண்கள், நடுவே குவிமாடம், கீழே ஹோவர்ட் குடும்பத்துக்கான நிலவறை. கட்டி முடிவதற்குள் ஹாக்ஸ்மூரும் பிரபுவும் காலமாகிவிட்டார்கள்.

கடன் யாருக்கு?

காசில் ஹோவர்டின் தூண்கள் ரோமானியப் பாணியைச் சேர்ந்தவை. ஆனால், தேவாலயத்தை விட்டு விலகி, வெட்டவெளியில் ஒரு குடும்பத்துக்கெனத் தனி மண்டபம் எழுப்பலாம் என்பதற்கு, வான்ப்ரூ நேரில் பார்த்த சான்று சூரத். ஆக்ஸெண்டன் மண்டபத்தை எழுப்பிய கொத்தனார்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இந்தக் கல்லறைகளை, அந்நியர்களின் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஐரோப்பியக் கட்டடக்கலை வரலாற்றில் நம் கொத்தனார்களுக்கும் பங்கு உண்டு என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர, இவற்றைவிட உறுதியான சாட்சி தேவையில்லை.