கருமணலும் கண்ணாடிப் படலமும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலை பாப்பனங்கோடு, பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டினுள் புகுகின்றது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் ஏற்பட்ட இவ்வெல்லையின் இருபுறத்தும் தமிழும் மலையாளமும் கலந்தே வழங்குகின்றன. கடற்கரை மணலும் எல்லை பார்ப்பதில்லை. வடக்கே சவரா முதல் தெற்கே மணவாளக்குறிச்சி வரை ஆங்காங்கே கருமை படர்ந்து கிடக்கும் அம்மணலில் இல்மனைட்டு என்னும் தாது உள்ளது. இரும்பும் டைட்டானியமும் பிராணவாயுவும் சேர்ந்தமைந்த பொருள் அது.

ஜெர்மானிய இரசாயன அறிஞர் ஷோம்பர்க் 1909-ஆம் ஆண்டில் மணவாளக்குறிச்சி மணலில் கண்டறிந்தது வேறொரு தாதுவாகிய மோனஸைட்டு ஆகும். அதிலிருந்து கிடைக்கும் தோரியம் ஆக்ஸைடு வாயுவிளக்கின் வலைக்கு வேண்டியிருந்தது. ஆக, இம்மணலை உலகம் முதன்முதலில் நாடியதும் ஒளியின் பொருட்டே. இல்மனைட்டின் மதிப்புப் பின்னரே உணரப்பட்டது. அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து இரும்பை நீக்கினால் டைட்டானியம் டையாக்ஸைடு என்னும் தூய வெண்பொடி கிடைக்கின்றது. இதனைச் செய்வதற்கென 1946-இல் திருவனந்தபுரத்தில் திருவாங்கூர் டைட்டானியம் ஆலை நிறுவப்பெற்றது. வண்ணப்பூச்சு, காகிதம், பிளாஸ்டிக் முதலியவற்றிற்கு வெண்மை ஊட்டுவதே இப்பொடியின் பெருந்தொழிலாக இன்றளவும் இருந்து வருகின்றது.

இதே பொடிக்கு மற்றொரு தொழிலும் உண்டு என்பதை 1991-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் ஓரீகன், கிரெட்ஸல் என்னும் இருவர் காட்டினர். டைட்டானியம் டையாக்ஸைடை மிக நுண்ணிய துகள்களாக்கி, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கனமுள்ள படலமாகக் கண்ணாடிமீது பூசிச் சூளையில் சுட்டனர். துகள்களுக்கிடையே எண்ணற்ற நுண்துளைகள் அமைந்தமையால், படலத்தின் உட்பரப்பு அதன் வெளிப்பரப்பைப் போல் பல நூறு மடங்காயிற்று. ஆயினும் வெண்பொடி புற ஊதாக் கதிரை மட்டுமே உட்கொள்ளும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆதலின் படலத்திற்குச் சாயம் ஏற்றப்பட்டது.

பாலராமபுரத்து நெசவாளருக்கு இதனை விளக்குதல் எளிது. நூலிழையைச் சாயம் பற்றுவதுபோல ஒவ்வொரு துகளையும் சாயம் பற்றிக்கொள்கின்றது. ஒளி பட்டவுடன் சாயம் ஓர் எலெக்ட்ரானைத் துகளுக்குக் கொடுக்கின்றது. அது துகள்விட்டுத் துகள் தாவிக் கண்ணாடியை அடைந்து, கம்பி வழியே வெளிச்சென்று வேலை செய்து, அயோடின் உப்புக் கலந்த திரவத்தின் வாயிலாகச் சாயத்திற்கே மீள்கின்றது. துணியில் சாயம் வெளுத்தால் அழகு குன்றும். இங்கு வெளுத்தால் மின்கலமே பயனற்றுப் போகும்.

அக்கண்ணாடியும் வெறுங்கண்ணாடி அன்று. ஃபுளோரின் சிறிதளவு சேர்ந்த வெள்ளீய ஆக்ஸைடுப் படலம் அதன்மேல் உண்டு. ஒளியைத் தடுக்காமலே மின்சாரத்தைக் கடத்தவல்ல அரிய இயல்பு அதற்குள்ளது. கைப்பேசித் திரையில் விரல் பட்டவுடன் உணர்வதும் இவ்வினத்தைச் சேர்ந்த இந்தியம்–வெள்ளீய ஆக்ஸைடே.

வெயிலில் இச்சாய மின்கலம் சிலிக்கனுக்கு ஈடாகாது. தொடக்கத்தில் 7 சதவீத அளவே இருந்த அதன் திறன் பின்னர் இரு மடங்காகியும், கடைகளில் விற்கும் சிலிக்கன் பலகைகள் 20 சதவீதத்தைக் கடந்துவிட்டன. ஆனால் வீட்டினுள் விளக்கொளியில் நிலைமை மாறுகின்றது. அங்கு இதன் திறன் 30 சதவீதத்தையும் தாண்டியுள்ளது. இதைக் கேட்டு, குழித்தறி இருக்கும் இருண்ட அறைக்கு விளக்கெரிக்கலாம் என எவரும் எண்ணிவிடலாகாது. 1,000 லக்ஸ் என்னும் நல்ல அறை வெளிச்சத்தில் உள்ளங்கையளவுக் கலம் ஏறத்தாழ 10 மில்லிவாட்டே தரும். சுவர்க் கடிகாரத்திற்கும், வெப்பமும் ஈரமும் அளக்கும் சிறு கருவிகளுக்கும் அது போதும். அக்கருவிகளுக்கு இன்று இடும் மின்கலங்கள் தேய்ந்தபின் குப்பையில் சேர்கின்றன, மிச்சமாவது அதுவே. நெய்யாற்றின்கரைக்குச் செல்லும் அதே சாலையில், பாப்பனங்கோட்டில் உள்ள தேசிய ஆய்வுக்கூடத்தில் இத்தகைய கலங்களைப் பற்றிய ஆராய்ச்சி நடைபெற்று வருகின்றது.

இனி மணற்கணக்கு. ஒரு சதுரமீட்டர் படலத்திற்கு வேண்டிய டைட்டானியம் டையாக்ஸைடு சுமார் 20 கிராம். இல்மனைட்டில் அது பாதிக்குச் சற்று மிகுதியாக இருப்பதால், ஒரு கைப்பிடித் தாதுவே ஒரு சதுரமீட்டருக்குத் தாராளம். பாறசாலைக்கு அணித்தான கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் நிலத்தில் அருமணல் எடுக்கும் திட்டத்தை 2024-ஆம் ஆண்டில் கடற்கரை ஊரார் எதிர்த்தனர். மண்ணரிப்பும் கதிரியக்கமும் அவர்தம் அச்சங்கள். அங்கு நாடப்படுவது இல்மனைட்டு மட்டுமன்று, மோனஸைட்டும் அருமண் உலோகங்களுமாகும். எனினும் சூரிய மின்கலத்தின் பெயரால் கடற்கரை முழுவதையும் அகழ வேண்டுமென எவரேனும் கூறின், மேற்கண்ட கணக்கு அதற்கு இடந்தராது. டன் கணக்கில் இல்மனைட்டைக் கேட்பது சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பூச்சே.

படலத்திற்கு வேண்டுவது அளவினும் தூய்மையே. சிறிது இரும்பு எஞ்சினாலும் எலெக்ட்ரான்கள் வழியில் சிக்கி இழக்கப்படும். பூச்சுக்குப் போதுமான பொடி மின்கலத்திற்குப் போதாது. மேலும் கலத்தினுள் இருப்பது திரவமாதலின், வெயிலும் உப்புக் காற்றும் மிக்க இக்கரையில் ஓரங்களின் அடைப்பு பல்லாண்டு தாங்குதல் வேண்டும். பலகையாகக் கூரைமீது ஏறுவதற்கு இக்கலம் இன்னும் தேறாமைக்குத் திறன் குறைவோடு இதுவும் ஒரு காரணமாகும்.