மணலுக்குள் கிடக்கும் யுத்தங்கள்

மன்னார்த் தீவின் தென்கரையிலே, பனைகளும் வெண்மணலும் மீன்வாடிகளுமாய் விளங்கும் தாழ்வுபாட்டில் நின்று கடலை நோக்குபவருக்கு, இந்தச் சாந்தமான கரைக்காக நூற்றாண்டுக் கணக்கில் இரத்தம் சிந்தப்பட்டது என்பதை நம்புவதே பிரயாசையாக இருக்கும். ஆயினும் இராமேசுவரத்துக்கு நேரெதிரே நீண்டு கிடக்கும் இத்தீவுக்குத் தெற்கே முத்துச்சலாபமும், அக்கரைப் பெருநிலத்தில் மாதோட்டம் என்னும் புராதனத் துறைமுகமும் இருந்தமையால், கடலாதிக்கத்தை விரும்பிய எந்த அரசும் மன்னாரை விட்டுவைக்கவில்லை.

அவ்வாதிக்கத்தின் பிரத்தியட்சச் சாட்சி, தீவின் வாயிலில் நிற்கும் கோட்டை. 1560இல் போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பறித்துப் பின்னர் திருத்திக் கட்டினர். 1795இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. நான்கு கொத்தளங்களோடு நிற்கும் அதன் சுவர்களுக்குள், போர்த்துக்கேயர் இடித்த திருக்கேதீச்சரத் திருக்கோயிலின் கற்கள் இருப்பதாக ஐதிகம் உண்டு.

கோட்டை எழுவதற்கு முன்பே, 1544இல், கிறிஸ்தவத்தைத் தழுவிய மன்னார் ஜனங்களில் சுமார் 600 பேரை யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலி வாளுக்கு இரையாக்கினான். தோட்டவெளியில் உள்ள வேதசாட்சிகளின் ஆலயம் அவர்களுடைய ஞாபகத்தைக் காத்து நிற்கிறது. ஒல்லாந்தர் காலத்திலோ கத்தோலிக்கர்களே துன்புறுத்தப்பட்டனர். 1670இல் மாதோட்டத்து மாந்தையிலிருந்த மாதாவின் திருச்சுரூபத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வனத்துக்குள் புகுந்ததனாலேதான் மடு என்னும் திருத்தலம் உண்டாயிற்று. அச்சுரூபம் 2008 ஏப்ரலில், உள்நாட்டு யுத்தத்தின் ஷெல்வீச்சுக்கு நடுவே, மடுவிலிருந்தும் புறப்பட்டுத் தேவன்பிட்டிக்குச் சென்று, அதே ஆண்டு ஆகஸ்டில் திரும்பி வந்தது. இந்தப் பிரதேசத்தில் தெய்வத் திருமேனிக்கும் இடப்பெயர்வு நேர்ந்திருக்கிறது என்றால், மனிதர் பட்ட பாட்டை விவரிக்கவும் வேண்டுமோ?

அண்மைய யுத்தத்தின் தடங்களிற் பல இப்பொழுது செப்பனிடப்பட்டுவிட்டன. தீவையும் பெருநிலத்தையும் இணைத்திருந்து 1990இல் தகர்க்கப்பட்ட பாலத்துக்குப் பதிலாக 2010இல் புதுப்பாலம் திறக்கப்பட்டது. அதே 1990இல் நின்றுபோன ரயில், 2015 மார்ச்சில் மீண்டும் தலைமன்னார் இறங்குதுறையை அடைந்தது. பிரயாணிகள் அப்பாலத்தைச் சில நிமிஷங்களிற் கடந்து போகிறார்கள். ஆனால், 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளின் கட்டளையால் எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டு, படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கிய முஸ்லிம் மக்களுள் எத்தனையோ குடும்பங்களுக்குப் புத்தளமே இன்று வீடாகிவிட்டது. பிறந்த மண்ணை அவர்கள் இழந்ததும், அண்டை அயலாரை மன்னார் இழந்ததும் எந்த ஒப்பந்தக்காரராலும் செப்பனிட முடியாத சேதங்கள்.

செப்பனிட முடியாத இன்னொன்று மண்ணுக்கடியில் இருக்கிறது. 2013 டிசம்பரில் திருக்கேதீச்சரத்தருகே தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. 2018இல், மன்னார் நகரிலே சதொச விற்பனை நிலையக் கட்டடம் இருந்த இடத்தில் புதுக் கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டுகையில், மறுபடியும் எலும்புகள். நீதிமன்ற மேற்பார்வையில் மாதக்கணக்கில் நடந்த அகழ்வில், சிறு குழந்தைகள் உட்பட 300க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் கிடைத்தன. கைதாகியும் காணாமற்போயும் திரும்பி வராத மக்களைத் தேடும் தாய்மார், அந்தக் குழியின் ஓரத்தில் வந்து நின்று ஏங்கியதை நாடே பார்த்தது.

அந்த எலும்புகளுள் ஆறு மாதிரிகள், கதிரியக்கக் கார்பன் முறையில் காலத்தைக் கணிப்பதற்காக, அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டன. உயிர் நீங்கியபின் உடலிலுள்ள கதிரியக்கக் கார்பன் ஒரே விகிதத்தில் தேய்ந்துகொண்டு போவதால், எஞ்சியதை அளந்து காலத்தைக் கணிப்பது அம்முறை. 2019இல் வெளிவந்த அறிக்கை, அவை 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்றது. சங்கிலியின் வாளும் போர்த்துக்கேயரின் பீரங்கியும் நடமாடிய காலம் அதற்குள் அடங்கும். எனினும் அந்தக் குழந்தைகள் யுத்தத்தில் மாண்டனரா, நோயில் மாண்டனரா என்பதை அந்தக் கணிப்பு சொல்லாது. ஆறு மாதிரிகளைக் கொண்டு முந்நூறு பேரின் கதையை முடித்துவிடலாகாது என்று உறவினர் முறையிட்டது முற்றிலும் நியாயமே. கோட்டைச் சுவரின் ஒவ்வொரு கல்லுக்கும் காலம் குறித்து வைத்திருக்கும் நாம், அந்த எலும்புகளின் வயதையும் மரணத்தின் காரணத்தையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து, முடிவை அந்தத் தாய்மாருக்கு அவர்களுடைய பாஷையிலேயே எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.