மெல்லொலி கேட்கும் செவி

முழுமதி எறிக்கும் இரவிலே, கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை வாவி நீரில் அமிழ்த்தி, மறு முனையிற் காதை வைத்துக் கேட்பது மட்டுநகரார் நெடுநாள் வழக்கம். அவ்வின்னொலியை எழுப்புவது மீனா, ஊரியா என்று வாதிடுவாருளர். ஆனால், அதனைக் கேட்க விரும்புவோன் முதலிற் செய்யவேண்டியது தன் பேச்சை நிறுத்துவதே என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

வாவித் தோணியிற் கற்கும் இப்பாடம் விண்வெளி ஓடத்துக்கும் வேண்டியதாயிற்று. ரொக்கெற்றைப்போல் எழுந்து, உலகைச் சுற்றிவந்து, விமானத்தைப்போல் தரையிறங்கி, மீண்டும் பறக்கவல்லது அவ்வோடம். 1981ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், ஜோன் யங், ரொபேட் கிரிப்பன் என்னும் இருவருடன் 'கொலம்பியா' முதன்முதல் எழுந்தது. ககாரின் விண்ணேகி அன்றோடு சரியாக 20 ஆண்டுகள் நிறைந்திருந்தன. 2011 ஜூலையில் 'அத்லாந்திஸ்' இறங்கும்வரை, ஐந்து ஓடங்கள் 135 பயணங்கள் செய்தன. ஹபிள் தொலைநோக்கியை விண்ணில் நிறுத்தியதும், அனைத்துலக விண்வெளி நிலையத்தின் பெரும் பகுதிகளைச் சுமந்து சென்றதும் அவையே. எனினும், இரண்டு பயணங்கள் பதினான்கு உயிர்களைப் பலிகொண்டன.

முதலாவது துயரம் ஆசிரிய உலகத்தை நேரே தாக்கியது. கிறிஸ்தா மக்கோலிப் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. விண்ணப்பித்த பதினோராயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியருள் தெரிந்தெடுக்கப்பட்டவர். விண்ணிலிருந்து மாணவர்க்குப் பாடம் நடத்தவிருந்தவர். 1986 ஜனவரி 28ஆம் நாள் அவரோடு எழுவரைத் தாங்கி எழுந்த 'சலஞ்சர்', 73ஆவது விநாடியிற் சிதைந்தது.

காரணம் ஒரு றப்பர் வளையம். உந்துகலத்தின் பொருத்துவாயை அடைக்கவேண்டிய அவ்வளையம் கடுங்குளிரில் நெகிழ்ச்சி இழந்தது. அனல்வாயு வெளியே கசிந்தது. குளிரிற் பறக்கவிடலாகாதென்று உந்துகலத்தைச் செய்த பொறியியலாளர் முந்திய இரவே எடுத்துரைத்திருந்தனர். கால அட்டவணையின் ஆரவாரத்தில் அவர் குரல் அமுங்கிப்போயிற்று. பின்னர், விசாரணைக் குழுவினரான பௌதிக அறிஞர் ரிச்சர்ட் பைன்மன், அவ்வளையத்தின் துண்டொன்றை இடுக்கியால் நெரித்துப் பனிக்கட்டி நீரில் இட்டு எடுத்தார். அது உடனே பழைய உருவுக்கு மீளவில்லை. எந்த வகுப்பறையிலும் செய்துகாட்டக்கூடிய சோதனை அது!

பதினேழு ஆண்டுகளின் பின் அதே பிழை வேறு வேடத்தில் வந்தது. 2003 ஜனவரி 16ஆம் நாள் 'கொலம்பியா' எழுகையில், எரிபொருட் கலத்திலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டொன்று அதன் இடச் சிறகைத் தாக்கியது. சேதத்தை அறியப் படம் எடுக்கவேண்டுமெனப் பொறியியலாளர் கேட்டனர், மேலோர் இணங்கவில்லை. பெப்ரவரி 1ஆம் நாள், மீளும் வழியில் ஓடம் சிதைந்தது. மாண்ட எழுவருள், இந்தியாவின் கர்னாலிற் பிறந்த கல்பனா சாவ்லாவும் ஒருவர். துணிவுமிக்க பெண்டிர்க்குத் தமிழ்நாட்டரசு அவர் பெயரால் விருதளித்து வருகின்றது.

துணிவைப் போற்றுதல் நன்றே. ஆனால், அவர்களிடம் துணிவு குறைந்திருக்கவில்லை. பிறரிடம் செவி குறைந்திருந்தது. இதனை மாணவர்க்குச் சொல்லாது விடுவோமாயின், வீரக்கதை மட்டுமே எஞ்சும், அறிவு எஞ்சாது.

யாழ் நூல் தந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியருமாவார். நுண்ணிய சுருதி வேறுபாட்டைத் தேரும் செவியும், அதனைக் கணக்கிட்டு அளக்கும் மதியும் ஒருவரிடத்தே கூடியிருந்தமை இந்நாட்டின் பேறு. அம்மரபில் வந்த நாம் நம் வகுப்பறையை எண்ணிப்பார்த்தல் வேண்டும். பாடம் முடிக்கும் விரைவில், பின்வாங்கில் இருந்து தயங்கியெழும் ஒரு கையை, "இரு, பிறகு பார்ப்போம்" என்று எத்தனை முறை அமர்த்தியிருக்கின்றோம்!

மக்கோலிப்புக்கு மாற்றாகப் பயிற்சி பெற்றிருந்த ஆசிரியை பார்பரா மோர்கன், இருபத்தோராண்டு காத்திருந்து, 2007 ஓகஸ்டில் 'என்டெவர்' ஓடத்தில் விண்ணேகி, அங்கிருந்து மாணவர் கேள்விகளுக்கு விடையளித்தார். அத்துணைத் தொலைவு சென்ற ஆசிரியை அங்கே செய்ததும் மாணவரின் வினாவுக்குச் செவிகொடுத்ததே. அதற்கு நமக்கு ஓடம் வேண்டியதில்லை. சற்றே பேச்சை நிறுத்தினாற் போதும்.