அறை மோசமா? குன்றத்தூரிலிருந்தே வழக்குத் தொடுக்கலாம்

ஒரகடம் தொழிற்சாலை ஒன்றில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணத்தில், ஒருவர் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆப்பில் பார்த்த அறையில் பால்கனி, வெந்நீர், வெள்ளை விரிப்பு எல்லாம் இருந்தன. போய்ச் சேர்ந்த அறையிலோ சுவரில் ஈரம், மெத்தையில் பூஞ்சை வாடை, கீசரும் ஓடவில்லை. "ஆப்லதானே புக் பண்ணீங்க, அங்கேயே கேளுங்க" என்கிறார் வரவேற்பில் இருப்பவர். ஆப்புக்குப் போன் போட்டால், "நாங்க இடையில இருக்கிறவங்க சார், ஹோட்டல்தான் பொறுப்பு" என்று பதில் வருகிறது.

இந்த இரண்டு பதிலோடு பெரும்பாலோர் ஓய்ந்துவிடுகிறார்கள். ஓய வேண்டியதில்லை. காட்டியது ஒன்று, கொடுத்தது வேறு என்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது சேவைக் குறைபாடு. 'பணம் திரும்பத் தரப்படாது' என்ற நிபந்தனையைக் காட்டி மடக்குவார்கள். நாமாக மனம் மாறிப் பயணத்தை ரத்து செய்வது வேறு. சொன்ன அறையை அவர்கள் தராதது வேறு.

வழக்கின் பலம் அறைக்குள் நுழைந்த முதல் அரை மணி நேரத்தில் இருக்கிறது. வாசலில் தொடங்கிக் குளியலறை வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். ஆப்பில் உள்ள அறைப் படங்களையும் வசதிப் பட்டியலையும் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். நாளை அவை மாறிவிடலாம். பிறகு வேறு அறையோ பணமோ கேட்டு, விடுதிக்கும் ஆப்புக்கும் எழுத்தில் அனுப்புங்கள். போனில் பேசியதை நிரூபிப்பது கடினம். சாட்டும் மின்னஞ்சலும் சாட்சியாக நிற்கும். வேறு விடுதிக்கு மாறினால் அந்த பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.

ஓர் எச்சரிக்கை: ஆத்திரத்தில் இணையத்தில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்ணை அழைக்காதீர்கள். அதில் போலிகள் உண்டு. ஓடிபி சொல்லிப் பணம் போய்விட்டால், உடனே 1930-ஐ அழையுங்கள்.

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். புகாரைப் பெற்றுக்கொண்டதாக அவர் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அங்கே நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகார்கள் வீண்போவதில்லை. கொரோனா ஊரடங்கில் ரத்தான விமானப் பயணங்களுக்கு நிலுவையில் இருந்த சுமார் 2.5 கோடி ரூபாயைப் பயணிகளுக்குத் திருப்பித் தரும்படி, 2024 ஜூனில் யாத்ரா என்ற பயண முன்பதிவு நிறுவனத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விடுதி ஊட்டியில் இருக்கலாம், நிறுவனம் டெல்லிப் பக்கம் இருக்கலாம். நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு இடம் தருகிறது. சொந்த ஊர் திருநெல்வேலியானாலும், குன்றத்தூரில் வாடகைக்கு இருந்து ஒரகடத்தில் வேலை பார்ப்பவருக்குக் காஞ்சிபுரம் மாவட்டமே போதும். விடுதி, ஆப் இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். கெடு 2 ஆண்டுகள். பணத்தோடு, மன உளைச்சலுக்கு இழப்பீடும் வழக்குச் செலவும் கேட்கலாம்.

1915-ஐ இன்றே போனில் பதிந்து வையுங்கள். அடுத்த முறை அறைக் கதவைத் திறந்ததும், பெட்டியைப் பிரிக்கும் முன் கேமராவைத் திறவுங்கள்.