தொலைந்தேன்... தெளிந்தேன்!

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். கல்யாணமாகி பதினாறு வருஷம். பேங்குக்குப் போவதென்றாலும் அவர் கூட வந்தால்தான் எனக்குத் தைரியம். அப்படிப்பட்ட நான், எங்கள் தெருத் தோழிகள் மூன்று பேரோடு 2024 மே மாதம் சிங்கப்பூர் போய் வந்தேன். இரண்டு வருஷம் மாதச் சீட்டு கட்டிச் சேர்த்த பணம் அது. டூர் கம்பெனியில் கேட்ட தொகை எங்களுக்குக் கட்டுபடியாகவில்லை. "நாமே போவோம், நடந்தே பார்ப்போம்" என்று டீச்சர் அக்கா சொல்ல, கிளம்பி விட்டோம்.

சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மன் கோவிலுக்கு எதிர்ச் சந்தில் ரூம். இரண்டாம் நாள் காலையில் லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் ரயில் ஏறி, மூன்றாவது ஸ்டேஷனான சைனாடவுனில் இறங்கினோம். அங்கிருந்து நடைதான். சீனர்கள் கடைவீதிக்கு நடுவே நம் மாரியம்மன் கோவில் கோபுரத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கி விட்டது. 1819ல் ராஃபிள்ஸோடு வந்த நாராயண பிள்ளை என்ற தமிழர், 1827ல் தொடங்கிய கோவிலாம். முதலில் கூரைக் கொட்டகைதான் இருந்ததாம். இப்போதும் தீபாவளிக்கு முன்னால் தீமிதி நடக்கிறது.

அடுத்து தெலோக் ஆயர் தெரு. ஒரு காலத்தில் இதுதான் கடற்கரை. கப்பலில் வந்து இறங்கியவர்கள் உயிரோடு சேர்ந்ததற்கு நன்றி சொல்ல, சீனர்கள் கடல் தேவதைக்குக் கோவில் கட்டியிருக்கிறார்கள். சற்றுத் தள்ளி, தென்னாட்டு முஸ்லிம்கள் கட்டிய நாகூர் தர்கா! பிறகு கடலைத் தூர்த்து விட்டதால், இன்று அங்கே அலை இல்லை, உயர உயரமாய்க் கட்டிடங்கள்தான். "எந்த ஊர்லயோ நம்ம நாகூரு..." என்று டீச்சர் அக்கா அங்கேயே நின்று விட்டார்.

1869ல் கட்டிய கேவனா பாலத்தில், மாடு, குதிரை போகக் கூடாது என்று பழைய அறிவிப்புப் பலகை. "நம்மூர்ல வச்சா மாடு அதுலயே முதுகு தேய்ச்சுக்கும்" என்று தையல்கார அக்கா சொல்ல, விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் சிங்கத் தலையும் மீன் உடலுமாய்த் தண்ணீர் கொட்டும் மெர்லயன் சிலை. மறுபடி நடந்து சைனாடவுன் வந்தபோது சாயங்காலம்.

அங்கேதான் வந்தது வினை. ஒரு கடையில் பிள்ளைக்குப் பை பார்த்துக் கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் மூவரையும் காணோம்! என் போனில் அந்த ஊர் சிம் கிடையாது. லாட்ஜ் பெயரும் தெரியாது. "எனக்கெதுக்கு, டீச்சர் பார்த்துப்பாங்க" என்று இருந்து விட்டேன். அரை மணி நேரம் அங்கேயும் இங்கேயும் ஓடினேன். கால் நடுங்கியது, அழுகை முட்டியது.

அப்போது ஸ்டேஷன் வாசலில் தமிழில் 'சைனாடவுன்' என்று எழுதியிருந்தது கண்ணில் பட்டது. அந்த எழுத்தைப் பார்த்ததும் வந்த தெம்பு இருக்கிறதே! கையில் ரயில் கார்டு இருந்தது. உள்ளே போனால் நீலக் கோடு ஒன்று, ஊதாக் கோடு ஒன்று. காலையில் வந்தது ஊதா என்பது ஞாபகம் இருந்தது. சீருடையில் நின்ற சீனப் பெண்ணிடம், "லிட்டில் இந்தியா?" என்றேன். கையைக் காட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் விட்டு எண்ணி இறங்கினேன். தேக்கா மார்க்கெட்டைத் தாண்டி நேரே நடந்தேன். அம்மன் கோபுரம் தெரிந்ததும்தான் மூச்சு வந்தது.

லாட்ஜ்காரரிடம் சொல்லி டீச்சர் நம்பருக்குப் போன் போடச் சொன்னேன். அந்தப் பக்கம் முதலில் அழுகை, பிறகு திட்டு. "நீ பாட்டுக்குப் போயிட்டே, நாங்க இங்க பைத்தியம் மாதிரி தேடுறோம்டி!" அவர்கள் கோபம் நியாயம்தானே? நான் அந்தக் கடை வாசலிலேயே நின்றிருக்க வேண்டும். இல்லையேல், தொலைந்தால் எங்கே சேருவது என்று காலையிலேயே பேசி வைத்திருக்க வேண்டும்.

சகோதரிகளே! வெளியூர் போனால் லாட்ஜ் கார்டும் தோழியின் நம்பரும் ஆளாளுக்குத் தனித்தனியே கையில் இருக்கட்டும். சந்திக்கும் இடத்தை முன்பே முடிவு செய்யுங்கள். நடக்கப் பழகிய செருப்பு, ஒரு குடை, ஒரு தண்ணீர் பாட்டில் போதும். அங்கே குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம்.

மறுநாள் முதல் ரயிலுக்கு வழி காட்டியது நான்தான்! இரவு போனில் நடந்ததைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவே இல்லை. பிறகு மெதுவாக, "அப்போ இனிமே பேங்குக்கு நீயே போயிடுவியா?" என்றார்.

போய்க் கொண்டிருக்கிறேன்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.