சோசலிசம்: ஒரு சொல், பல பொருள்

சோசலிசம் என்பது ஆலை, நிலம் போன்ற உற்பத்திச் சாதனங்கள் சமூகத்தின் பொது உடைமையாக இருக்க வேண்டும் என்னும் பொருளாதாரக் கோட்பாடு ஆகும். தமிழில் இது சமதர்மம், சமவுடைமை என்றும் வழங்கப்படுகிறது. பாடநூல் வரையறை இதுவே. ஆயினும் நடைமுறையில் இச்சொல் நாட்டுக்கு நாடு வேறு பொருளில் ஆளப்படுகிறது. பெயரை மட்டும் பார்த்து ஒரு நாட்டின் பொருளாதாரத்தை மதிப்பிடுவது தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

சோவியத் ஒன்றியம்

வரையறைக்கு நெருங்கிய பொருளில் இச்சொல் இங்கு வழங்கியது. நிலம், ஆலைகள், வங்கிகள் அரசுடைமையாக இருந்தன. எதை எவ்வளவு உற்பத்தி செய்வது என்பதை 1928 முதல் ஐந்தாண்டுத் திட்டங்கள் தீர்மானித்தன. விலையையும் அரசே நிர்ணயித்தது. ஆண்ட கட்சியின் பெயரில் கம்யூனிசமும் நாட்டின் பெயரில் சோசலிசமும் இடம்பெற்றன. கம்யூனிசம் எட்ட வேண்டிய இலக்கு, சோசலிசம் அதற்கு முந்தைய கட்டம் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

சீனா

1992இல் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சி 'சோசலிசச் சந்தைப் பொருளாதாரம்' என்பதைத் தன் இலக்காக அறிவித்தது. அடுத்த ஆண்டு அது அரசியலமைப்பிலும் இடம்பெற்றது. நகர்ப்புற நிலமும் பெரிய வங்கிகளும் அரசின் கையில் உள்ளன. அதே வேளையில் தனியார் நிறுவனங்களும் பங்குச் சந்தைகளும் இயங்குகின்றன.

அமெரிக்காவும் டென்மார்க்கும்

அமெரிக்க அரசியலில், அரசு வழங்கும் மருத்துவக் காப்பீட்டை எதிர்ப்போர் அதைச் சோசலிசம் என்று சாடுவதுண்டு. டென்மார்க் போன்ற நாடுகளைச் சோசலிசத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வோரும் அங்கு உள்ளனர். ஆனால் 2015இல் டென்மார்க் பிரதமர் அமெரிக்காவில் ஆற்றிய உரையில், தம் நாடு சோசலிசத் திட்டப் பொருளாதாரம் அன்று, சந்தைப் பொருளாதாரமே என்று தெளிவுபடுத்தினார். அங்கு தொழில்களில் பெரும்பகுதி தனியாரிடம் உள்ளது. உயர்ந்த வரியைக் கொண்டு கல்வி, மருத்துவம் போன்றவற்றை அரசு வழங்குகிறது. இதற்குப் பொருத்தமான பெயர் மக்கள் நல அரசு என்பதாகும்.

இந்தியா

1955இல் சென்னையை அடுத்த ஆவடியில் நடந்த காங்கிரஸ் மாநாடு, சோசலிச பாணிச் சமுதாயத்தை இலக்காக ஏற்றது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் இச்சொல்லை அரசியலமைப்பின் முகவுரையில் சேர்த்தது. 1991க்குப் பின் தாராளமயமாக்கல் வந்தபோதும் சொல் நீக்கப்படவில்லை. அதை எதிர்த்த மனுக்களை 2024இல் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், இந்தியாவில் சோசலிசம் என்பது மக்கள் நல அரசையும் சம வாய்ப்பையும் குறிக்கும், அது தனியார் துறைக்குத் தடையன்று என விளக்கியது.

இலங்கை

1977இல் இலங்கை திறந்த பொருளாதாரக் கொள்கைக்கு மாறியது. மறு ஆண்டு வந்த புதிய அரசியலமைப்பு, நாட்டுக்கு 'சனநாயக சோசலிசக் குடியரசு' என்று பெயரிட்டது. பெயர் ஒரு திசையிலும் கொள்கை வேறு திசையிலும் சென்றதற்கு இது தெளிவான சான்று.

வேறுபாட்டை அறிவது எப்படி?

ஒரு நாட்டைப் பற்றிப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

1. நிலமும் ஆலைகளும் யாருக்குச் சொந்தம்?
2. விலையையும் உற்பத்தியையும் தீர்மானிப்பது அரசா, சந்தையா?
3. கல்வி, மருத்துவம், முதியோர் பாதுகாப்பு ஆகியவற்றின் செலவை ஏற்பது யார்?

முதல் இரண்டுக்கும் 'அரசு' என்பது விடையானால் அது பாடநூல் கூறும் சோசலிசத்தை ஒட்டியது. மூன்றாவதற்கு மட்டும் அவ்விடை வந்தால் அது மக்கள் நல அரசு. தேர்வு விடையில் இவ்விரண்டையும் மாணவர்கள் ஒன்றாகக் கருதி எழுதிவிடக் கூடாது.