நொய்யலின் உப்புக் கணக்கு

ஓர் ஆற்றுக்கும் அதன் கிளையோடைகளுக்கும் மழைநீரை வடித்துத் தரும் நிலப்பரப்பு முழுவதும் அந்த ஆற்றின் வடிநிலம் எனப்படும். மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளியங்கிரிப் பகுதியில் தோன்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் நொய்யலின் வடிநிலம் ஏறத்தாழ 3,500 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. மழை குறைந்த இந்தக் கொங்குச் சமவெளியில், அணைக்கட்டுகளில் திருப்பப்பட்ட வெள்ளம் வாய்க்கால்களின் வழியே குளங்களை நிரப்பி, மிகுந்தது மீண்டும் ஆற்றுக்கே திரும்புமாறு முன்னோர் அமைத்த ஏற்பாடு, வடிநிலம் முழுவதையும் ஒன்றாகக் கண்ட திட்டமிடல் ஆகும்.

பிற்காலத்தில் அந்த ஒருமைப் பார்வை சிதைந்தது. சுமார் 20,000 ஏக்கர் பாசனத்துக்கென 1992-இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்ட அதே காலத்தில், அதற்கு மேலே உள்ள திருப்பூரில் பனியன் ஏற்றுமதி பெருகி, சாயப்பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் பல நூறாக வளர்ந்தன. மாசுண்டாக்கும் தொழிற்சாலைகள் நீர்நிலைகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் அமையக்கூடாது என 1989-இல் தமிழக அரசு ஆணையிட்டிருந்தும், ஆற்றையொட்டிப் பட்டறைகள் இயங்கின. மேலே பெருகும் கழிவும் கீழே தேக்கப்படும் நீரும் ஒரே திட்டத்தில் வைத்து எண்ணப்படாததால், பாசனத்துக்கென எழுந்த அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமாயிற்று.

இங்கே மையமான சிக்கல் நிறமன்று, உப்பு. பருத்தித் துணியில் சாயம் பிடிப்பதற்காகச் சாயத்தொட்டியில் சோடியம் குளோரைடோ சோடியம் சல்பேட்டோ பெருமளவில் சேர்க்கப்படுகிறது. சாயத்தைத் துணியில் ஏற்றிவிடும் அந்த உப்பு, தான் துணியில் தங்காமல் ஏறக்குறைய முழுவதும் நீரோடு வெளியேறுகிறது. நுண்ணுயிர்களைக் கொண்டு செய்யும் வழக்கமான சுத்திகரிப்பு அங்ககக் கழிவைச் சிதைக்குமேயன்றி, கரைந்த உப்பை அகற்றாது. சோடியம் மிகுந்த நீர் தொடர்ந்து பாயும் களிமண் நிலம் இறுகி நீரை உள்வாங்கும் தன்மையை இழப்பதால், தெளிந்த நீர் வந்த இடங்களிலும் பயிர் கருகியது, கிணறுகள் உவர்த்தன.

கழிவுநீரில் ஒரு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருக்கலாம் என்பது விதி. இது செறிவைப் பற்றிய வரம்பு. ஆற்றில் மொத்தம் எவ்வளவு உப்புச் சேர்கிறது என்பதை, அதாவது சுமையை, அது கேட்பதில்லை. விதிக்குட்பட்டே நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர் வெளியேறினாலும், அதனோடு 21 டன் உப்பு போய்ச் சேரும். ஆண்டு முழுவதும் நீரோடும் பேராறு அதை ஓரளவு நீர்க்கச் செய்யக்கூடும். பருவமழைக் காலத்தில் மட்டுமே வெள்ளம் காணும் நொய்யலுக்கு அந்த வலிமை இல்லை. எனவே ஆறு தாங்கும் சுமையை முதலில் கணக்கிட்டு, அதன் பின்னரே எத்தனை பட்டறைகளுக்கு இடமுண்டு என்று முடிவு செய்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு போடப்படாமற்போனதே நொய்யலுக்கு நேர்ந்த பெருந்தீங்கு.

ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடப்படாத நிலையை எட்ட வேண்டுமெனச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் ஆணையிட, 2009-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்போதும் நிறைவேறாததால், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. பல்லாயிரம் தொழிலாளரின் பிழைப்பு ஒரே நாளில் கேள்விக்குள்ளானதை எளிதாகக் கடந்துவிட முடியாது. ஆயினும் கீழ்ப்பகுதி உழவர்கள் அதற்கு முன்பே நெடுங்காலம் அத்தகைய இழப்பைச் சுமந்திருந்தனர்.

உரிய ஏற்பாடுகளுடன் மீண்டும் திறக்கப்பட்ட பட்டறைகளில், சவ்வுகளின் வழியே அழுத்தத்துடன் நீரைச் செலுத்தி உப்பைப் பிரிக்கும் எதிர்ச் சவ்வூடு பரவல் முறை கையாளப்படுகிறது. நல்ல நீர் மறுபடியும் சாயமேற்றப் பயன்பட, எஞ்சும் அடர்ந்த உப்புநீர் ஆவியாக்கிகளில் வற்றவைக்கப்படுகிறது. இதற்கு ஆகும் எரிபொருளும் மின்சாரமும் மிகுதி என்பதால், இரவில் திருட்டுத்தனமாகக் கழிவை ஓடையில் திறந்துவிடும் ஆசை அகலவில்லை. தொடர் கண்காணிப்பு தளர்ந்தால் முறை முழுவதும் பயனற்றுப்போகும். கோவை, திருப்பூர் நகரங்களின் வீட்டுச் சாக்கடையும் இதே ஆற்றில்தான் கலக்கிறது. பட்டறைகளுக்கு இடப்பட்ட கட்டாயம் மாநகராட்சிகளுக்கும் அதே கண்டிப்போடு பொருந்த வேண்டும்.

ஆவியாக்கியில் எஞ்சும் கலப்பு உப்பு இன்னொரு பெருங்கேள்வி. மீண்டும் பயன்படுத்தத்தக்க உப்பு பிரித்தெடுக்கப்பட்ட பின்னும் மிஞ்சுவது சுத்திகரிப்பு நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டைகளாகக் குவிகிறது. மழைநீர் பட்டால் அது கரைந்து மறுபடியும் இதே வடிநிலத்துக்குள்தான் இறங்கும் என்பதால், அந்தக் குவியலுக்கான பாதுகாப்பான இடமும் அதன் செலவை ஏற்பவர் யார் என்பதும் வடிநிலத் திட்டத்துக்குள்ளேயே முடிவாக வேண்டியவை.